ஒரு பட்டனில் போனது 3 மாத உழைப்பு!

மூன்று மாதம் பாடுபட்டு எழுதினார். ஒரே ஒரு பட்டனை அழுத்தினார். எல்லாம் போய்விட்டது!

இது கதை அல்ல. 2017-ம் ஆண்டில் உண்மையாக நடந்தது.

அவர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். புரோகிராம் எழுதுவதற்கென்றே மைக்ரோசாப்ட் கம்பெனி ஒரு கருவியை இலவசமாகக் கொடுக்கிறது. அதன் பெயர் "வி.எஸ். கோட்". அதை அன்றுதான் அவர் தம் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டார். புதிய சாமான் அல்லவா? அங்கே தொட்டுப் பார்த்தார். இங்கே தட்டிப் பார்த்தார்.

ஓர் ஓரத்தில் ஒரு நீண்ட பட்டியல் தெரிந்தது. அதில் சுமார் 5 ஆயிரம் பைல்கள். பக்கத்தில் ஒரு பட்டன். "மாறுதல்களைக் கைவிடு" என்பது அதன் பொருள்.

கைவிட்டால் அந்தப் பட்டியல் மறைந்துவிடும் என்று அவர் எண்ணிவிட்டார் போலும். அழுத்தினார்.

பட்டியல் மறைந்தது. அதோடு 5 ஆயிரம் பைல்களும் மறைந்தன! குப்பைத் தொட்டியிலும் இல்லை. வேறு பிரதியும் இல்லை.

அவர் கொதித்துப் போனார். அந்தக் கருவியைச் செய்தவர்களுக்கே பகிரங்கமாகப் புகார் எழுதினார். உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுகிறவர்கள் அதைப் படித்தார்கள். சிலர் பரிதாபப்பட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

யார் மேல் குற்றம்?

"இதை மாற்ற முடியாது, நிச்சயமா?" என்று கேட்கும் எச்சரிக்கைப் பெட்டி அந்தக் கருவியில் இருக்கத்தான் செய்தது. ஆனால் "பைல்கள் அடியோடு அழிந்து போகும்" என்று அது சொல்லவில்லை. புகாருக்குப் பிறகு எச்சரிக்கையைத் திருத்தினார்கள். இத்தனை பைல்கள் என்றென்றைக்கும் போய்விடும் என்று எண்ணிக்கையோடு சொல்லும்படி செய்தார்கள்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அந்தப் பட்டன் எந்த வேலையைச் சேர்ந்தது தெரியுமா? பழைய பிரதிகளைப் பத்திரமாகக் காப்பாற்றும் வேலையைச் சேர்ந்தது! காவலுக்குக் கட்டிய நாய் வீட்டுக்காரரையே கடித்த கதைதான்.

இதுதான் கடைசி

பழைய பிரதிகளைக் காப்பாற்றுவது என்றால் என்ன?

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி கட்டுரை எழுதுகிறாள். முதல் நாள் "கட்டுரை" என்று பெயர் வைக்கிறாள். பிறகு "கட்டுரை கடைசி". அப்புறம் "கட்டுரை கடைசி 2". அதற்கும் பிறகு "கட்டுரை இதுதான் கடைசி". ஒரு மாதம் சென்றால் எது கடைசி என்று அவளுக்கே தெரியாது.

கம்ப்யூட்டர் இருக்கிற வீடுகளில் எல்லாம் இந்தக் கூத்து உண்டு.

நல்ல கணக்குப்பிள்ளை இப்படிச் செய்ய மாட்டார். பேரேட்டில் எழுதியதை அவர் சுரண்டுவதும் இல்லை, கிழிப்பதும் இல்லை. தவறு நேர்ந்தால் மறு வரியில் திருத்தி எழுதுவார். என்ன தேதி, யார் எழுதியது, எதற்காக என்பதும் பக்கத்திலேயே இருக்கும். பத்து வருஷம் கழித்துப் புரட்டினாலும் பதில் கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் அந்தக் கணக்குப்பிள்ளையின் பெயர் "கிட்". நீங்கள் "பதிவு செய்" என்று சொன்னால், அந்த நிமிஷத்தில் பைல்கள் எப்படி இருந்தனவோ அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். பதிவுக்கு "கமிட்" என்று பெயர். வேண்டும்போது எந்தப் பதிவுக்கும் திரும்பிப் போகலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பதிவு செய்ததைத்தான் கிட் காப்பாற்றும். பதிவு செய்யாததற்கு அது பொறுப்பு அல்ல. அந்த 5 ஆயிரம் பைல்களும் பதிவாகாதவை.

மூன்று பேர், மூன்று நேரம்

இந்த வேலைக்கு 1972-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிள்ளையார் சுழி போட்டவர் மார்க் ராக்கைண்ட். அப்போது ஒருவர் ஒரு பைலைத் திருத்த எடுத்தால் அதற்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அவர் முடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் இருந்தார். 1984 ஜூலை முதல் 1985 ஆகஸ்டு வரை இரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினார்.

ஒரு மாணவர் காலை 9 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் போகிறவர். இன்னொருவர் எப்போது வருவார், எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது. ஆசிரியருக்கோ மாலையில்தான் நேரம்.

பூட்டுப் போட்டால் இவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது?

பூட்டே வேண்டாம் என்று ஆசிரியர் முடிவு செய்தார். அவரவர் தம் பிரதியில் எழுதட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இதற்காக அவர் எழுதிய சிறு புரோகிராம் 1986-ல் வெளியாகி, "சி.வி.எஸ்." என்ற பெயரில் உலகமெல்லாம் பரவியது.

10 நாள் வேலை

லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது லினக்ஸ்தான். அதை 1991-ல் தொடங்கியவர் பின்லாந்து நாட்டுக்காரரான லினஸ் டார்வால்ட்ஸ்.

லினக்சை எழுதியவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள். அவர்கள் எழுதியதை எல்லாம் காக்க 2002-ல் இருந்து "பிட்கீப்பர்" என்ற புரோகிராமை உபயோகித்தார்கள். அது ஒரு கம்பெனியின் சொத்து. லினக்ஸ்காரர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள்.

2005-ல் தகராறு முளைத்தது. அதனோடு பேசக்கூடிய வேறொரு கருவியை ஆஸ்திரேலியாவில் ஒருவர் செய்ய ஆரம்பித்தார். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. இலவசம் நின்றது.

ஆயிரக்கணக்கான பேருடைய வேலை நடுத்தெருவில் நின்றது!

டார்வால்ட்ஸ் லினக்ஸ் வேலையை ஒதுக்கி வைத்தார். ஏப்ரல் 3-ந் தேதி சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தார். 7-ந் தேதி அந்தப் புரோகிராம் தன்னைத் தானே காக்கத் தொடங்கிவிட்டது! ஜூன் மாதத்தில் லினக்சின் புதிய பதிப்பே அதை வைத்து வெளிவந்தது.

அதுதான் "கிட்". இங்கிலாந்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு "உருப்படாத ஆசாமி" என்று பொருள். தாம் செய்வதற்கு எல்லாம் தம் பெயரையே வைப்பது வழக்கம் என்று டார்வால்ட்ஸ் தமாஷ் செய்தார்.

ஜூலையில் கிட்டை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பழைய வேலைக்குப் போய்விட்டார்.

கறுப்புத் திரை

கிட் பிறந்தபோது அதற்கு முகம் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டெழுத வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் முறைக்கும். அனுபவசாலிகளுக்கு அது பிடிக்கும். புதியவர்களுக்குப் பயம்.

ஆகவேதான் "ஜன்னல்கள்" வந்தன. படமும் பட்டனும் பட்டியலுமாக, மவுசினால் நடத்தக்கூடிய புரோகிராம்கள். இன்று பத்துக்கும் மேற்பட்டவை உண்டு. "எதை எடுப்பது?" என்பதுதான் இப்போது புதியவர்களின் தலைவலி.

கிட் பிறந்த 2005-லேயே ஒரு ஜன்னல் வந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த பால் மாக்கரஸ் எழுதினார். பெயர் "கிட்கே". எந்தப் பதிவில் இருந்து எது கிளைத்தது, எங்கே சேர்ந்தது என்று கோடு போட்டு, வம்சாவளிப் படம்போல் காட்டும். டார்வால்ட்சுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அந்த ஜூன் மாதமே கிட்கேயின் வரலாற்றை கிட்டின் வரலாற்றோடு இணைத்துவிட்டார். பிறகு பதிவு செய்வதற்கென்று ஷான் பியர்ஸ் எழுதிய "கிட் குயி"யும் சேர்ந்தது.

இரண்டும் இலவசம். பார்வைக்குப் பழைய காலத்துச் சாமான் மாதிரிதான் இருக்கும். ஆனால் பழைய கம்ப்யூட்டரிலும் மூச்சு வாங்காமல் ஓடும். அழகு இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் பலர். அது சரியல்ல.

ஆமை வந்த கதை

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு "டார்டாய்ஸ் கிட்" உண்டு. டார்டாய்ஸ் என்றால் ஆமை. ஏன் ஆமை?

விண்டோசில் போல்டர்களைக் காட்டும் பகுதிக்கு ஆங்கிலத்தில் "ஷெல்" என்று பெயர். ஷெல் என்றால் ஓடு. ஓட்டுக்குள் குடியிருப்பது ஆமை அல்லவா?

இதற்குத் தனி ஜன்னலே வேண்டியதில்லை. போல்டரின் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்தினால் போதும். பைல்களின் மேல் சிறு அடையாளங்கள் தெரியும். பச்சை என்றால் பதிவாகிவிட்டது. சிவப்பு என்றால் மாறியிருக்கிறது, இன்னும் பதியவில்லை. போல்டர்களோடு பழகியவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. இதுவும் இலவசம்.

"கிட்ஹப் டெஸ்க்டாப்" மிகவும் எளிமையானது. கிட்ஹப் என்பது புரோகிராம்களைச் சேமித்து வைக்க இடம் கொடுக்கும் அமெரிக்கக் கம்பெனி. 2018-ல் மைக்ரோசாப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் கம்பெனியின் ஜன்னல் முதலில் 2011-ல் மாக் கம்ப்யூட்டருக்கும், 2012-ல் விண்டோசுக்கும் தனித்தனியாக வந்தது. 2017-ல் இரண்டையும் ஒன்றாக்கிப் புதிதாக எழுதினார்கள். காசு கேட்பதில்லை.

இடது பக்கம் மாறிய பைல்கள். வலது பக்கம் என்ன மாறியது என்பது. கீழே பதிவு செய்யும் பட்டன். அவ்வளவுதான்! குழப்பும் பட்டன்கள் அதிகம் இல்லை.

இதில் மெச்ச வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. மாறுதல்களைக் கைவிட்டால், கைவிட்டதைக் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் போட்டு வைக்கும். தொட்டியைக் காலி செய்யும் வரை திரும்ப எடுக்கலாம். புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்க முடியும்?

"சோர்ஸ்ட்ரீ" என்பதை ஸ்டீவ் ஸ்ட்ரீட்டிங் எழுதினார். 2011-ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கம்பெனி வாங்கிக்கொண்டது. இலவசம்தான். பட்டன்கள் ஏராளம்.

"கிட்கிராக்கன்" கடல் பூதத்தின் பெயர் கொண்டது. வம்சாவளிப் படத்தை வர்ணஜாலமாகக் காட்டும். கடைசியாகச் செய்ததைத் திருப்பிவிடத் தனிப் பட்டனும் உண்டு. ஆனால் கம்பெனிகளின் தனி வேலைக்குப் பணம் கட்ட வேண்டும். "போர்க்" என்பது ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தது. "சப்ளைம் மெர்ஜ்" 2018-ல் வந்தது. வேகத்துக்குப் பெயர் பெற்றது. இவை இரண்டையும் முதலில் சும்மா எடுத்துப் பார்க்கலாம். பிடித்திருந்தால் காசு.

பெண் பார்ப்பது அல்ல

இத்தனையில் ஒன்றைப் பொறுக்குவது எப்படி?

முதலில் பயத்தை விடுங்கள். இது பெண் பார்த்து நிச்சயம் செய்கிற காரியம் அல்ல. எந்த ஜன்னலில் பார்த்தாலும் உள்ளே இருப்பது ஒரே பேரேடுதான். உங்கள் போல்டருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிறு போல்டர் இருக்கும். ஒரு புள்ளியும் "கிட்" என்ற பெயரும் அதன் அடையாளம். வரலாறு முழுவதும் அதற்குள்தான். காலையில் ஆமையில் பதிவு செய்ததை மாலையில் பூதத்தில் பார்க்கலாம். (அந்தச் சிறு போல்டரை மட்டும் யாரும் அழித்துவிடக் கூடாது!)

எந்தக் கம்ப்யூட்டர் என்பதைப் பாருங்கள். டார்டாய்ஸ் கிட் விண்டோசில் மட்டுமே ஓடும். கிட்ஹப் டெஸ்க்டாப், சோர்ஸ்ட்ரீ, போர்க் ஆகியவற்றை விண்டோசுக்கும் மாக்குக்கும்தான் செய்கிறார்கள். லினக்ஸ்காரர்கள் கிட் குயி, கிட்கிராக்கன், சப்ளைம் மெர்ஜ் பக்கம் போக வேண்டும். கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் பகட்டான ஜன்னல்கள் அதைத் திணறடிக்கும்.

தனியாக வேலை செய்கிறவரா, கூட்டாகவா என்பதும் முக்கியம். கூட்டு என்றால் மோதல் வரும்.

ஒரு கடையின் விலைப்பட்டியலை அண்ணனும் தம்பியும் தனித்தனியே திருத்துகிறார்கள். சர்க்கரை விலை 40 என்று இருந்தது. அண்ணன் 45 என்று மாற்றினார். தம்பி 50 என்று மாற்றினார். இரண்டையும் இணைக்கும்போது கிட் தானாக முடிவு செய்யாது. "இந்த வரியில் மோதல். நீங்களே சொல்லுங்கள்" என்று நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் நல்ல ஜன்னலின் அருமை தெரியும். போர்க், சப்ளைம் மெர்ஜ் போன்றவை அண்ணன் எழுதியதையும் தம்பி எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். முடிவையும் அங்கேயே பார்க்கலாம். வி.எஸ். கோட்டிலும் 2022 முதல் இந்த வசதி உண்டு. கிட்ஹப் டெஸ்க்டாப் மோதல் இருக்கிறது என்று சொல்லும். யாராவது ஒருவர் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளவும் வழி செய்யும். வரி வரியாகப் பார்க்க வேண்டுமானால் வேறு கருவியைத் திறக்கத்தான் வேண்டும்.

பெட்டி அடுக்குவது

புதியவர்கள் திகைக்கும் இன்னொரு சொல் "ஸ்டேஜ்".

ஊருக்குப் புறப்படுகிறீர்கள். அலமாரித் துணி முழுவதையுமா எடுத்துப் போகிறீர்கள்? வேண்டியதைப் பெட்டியில் அடுக்குகிறீர்கள். பிறகு பெட்டியை மூடுகிறீர்கள். அடுக்குவது ஸ்டேஜ். மூடுவது கமிட்.

ஒரே பைலில் பத்து வரி மாறியிருக்கலாம். அதில் மூன்று வரியை மட்டும் இன்று பதிவு செய்யலாம். கறுப்புத் திரையில் இது பெரிய தொல்லை. ஜன்னலில் மவுசினால் அந்த மூன்று வரியைத் தொட்டால் தீர்ந்தது. கட்டளைகளைத் தலைகீழாக ஒப்பிக்கும் பெரிய ஆசாமிகள்கூட இந்த ஒரு வேலைக்காக ஜன்னலைத் திறப்பது உண்டு.

ஒரே பெயர், வேறு வேலை

ஜன்னல்களில் உள்ள பெரிய அபாயம் பட்டன்களின் பெயர்தான்.

"ரிவர்ட்" என்று ஒரு சொல். கிட்டின் சொந்தக் கட்டளையில் அது ஆபத்து இல்லாதது. பழைய பதிவை அழிக்காமல், அதற்கு எதிர்ப் பதிவு எழுதும். கணக்குப்பிள்ளை செய்கிற காரியம். ஆனால் டார்டாய்ஸ் கிட்டில் ஒரு பைலின் மேல் "ரிவர்ட்" என்றால், நீங்கள் எழுதி இன்னும் பதியாத மாறுதல்கள் போய்விடும்! சொல் ஒன்று. செயல் இரண்டு.

வி.எஸ். கோட்டில் "சிங்க்" என்று ஒரு பட்டன். பிறர் எழுதியதை இழுத்துக்கொண்டு, நீங்கள் எழுதியதை வெளியே தள்ளிவிடும். ஒரே அழுத்தலில் இரண்டு வேலை. அரைகுறையாக எழுதியதைப் பதிந்துவிட்டு இதை அழுத்தினால் அது கூட்டாளிகளுக்கும் போய்ச் சேரும்.

எல்லாவற்றிலும் கொடியது "பலவந்தமாகத் தள்ளு" என்பது. பொது இடத்தில் கூட்டாளிகள் சேர்த்து வைத்த பதிவுகளின் மேல் உங்களுடையதை ஏற்றிவிடும். அதைச் சாதாரணப் பட்டன்களோடு கலந்து வைத்திருக்கும் ஜன்னலை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஆறுதலான சேதியும் உண்டு. ஒரு தடவை பதிந்துவிட்டால், பிறகு தவறுதலாக அதை விலக்கினாலும் கிட் உடனே தூக்கி எறியாது. வழக்கமாக 30 நாள் வரை ஒரு மூலையில் வைத்திருக்கும். தெரிந்தவர்கள் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் அடிக்கடி பதிவு செய்யுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்லுகிறார்கள்.

தமிழில் பெயர் வைத்தால்...

தமிழர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல இது. ஆனால் தமிழர்களுக்கும் உண்டு.

பைலுக்குத் தமிழில் "கணக்கு" என்று பெயர் வைத்துவிட்டுக் கறுப்புத் திரையில் பார்த்தால் பெயரைக் காணோம்! 340, 256, 225 என்று எண்களாகக் கொட்டிக் கிடக்கும். "க" என்ற ஓர் எழுத்துக்கு அந்த மூன்று எண்கள். பைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துக்களை அப்படி எழுதிக் காட்டுவது கிட்டின் பழக்கம். அதை மாற்ற ஓர் அமைப்பும் இருக்கிறது. பெரும்பாலான ஜன்னல்களில் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்ப் பெயர் தமிழாகவே தெரியும்.

ஒத்திகை

எந்த ஜன்னலை எடுத்தாலும் உண்மையான வேலையை உடனே அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். ஒரு வெறும் போல்டர் திறங்கள். நாலு வரி எழுதி ஒரு பைல் வையுங்கள். பதிவு செய்யுங்கள். ஒரு வரியை மாற்றுங்கள். இன்னொரு புதிய பைலையும் போடுங்கள், அதைப் பதியாதீர்கள்.

இப்போது "கைவிடு" பட்டனை அழுத்துங்கள்.

என்ன எச்சரிக்கை வருகிறது? அது உங்களுக்குப் புரிகிறதா? புதிய பைல் எங்கே போயிற்று? குப்பைத் தொட்டியில் இருக்கிறதா, அடியோடு போய்விட்டதா? இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும். பார்த்துவிட்டு அதே போல்டரை இன்னொரு ஜன்னலில் திறந்து, அங்கும் அதையே செய்து பாருங்கள்.